நான் வாங்கிய முயலுக்கு மூணு கால்!

எங்கள் அப்பாவுக்குக் கை ஆடும். காபி கொடுத்தால் முக்கால் டம்ளர்தான் கொடுக்க வேண்டும். முழு டம்ளர் கொடுத்தால் கால் டம்ளர் வேட்டிக்குப் போய்விடும். "விடுடா, வேட்டியும் நேத்திலேர்ந்து பட்டினி" என்பார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வயசு நடுக்கம்தான், பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லி, தன் ஃபீஸை மட்டும் கொஞ்சமும் நடுங்காத கையால் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கைக்கும் கோடியக்கரைக்கும் சம்பந்தம் உண்டு. நடுவில் ஒரு ட்ரைபாட் நிற்கிறது. நிற்கிறது என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது. முதலில் வாங்கியது நிற்கவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1979-ல் அப்பா வேதாரண்யத்தில் கிளார்க். பிரம்மச்சாரி. ஒரு நாள் ஆபீஸ் ஜீப்பில் உப்பளப் பக்கம் போனபோது, தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில் ரோஜா நிறத்தில் நீளமாக ஒரு கோடு தெரிந்ததாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு நகர்ந்ததாம். "பூநாரை சார்" என்றாராம் டிரைவர். கிட்டப் போகலாமென்றால் முழங்கால் வரை சேறு. ஜீப் திரும்பிவிட்டது. கதை அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானை அப்பா நாற்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண் பார்க்கும் படலத்தில் கூடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அம்மா, "உப்பு வெள்ளையில கண்ணு கூசியிருக்கும். பறவை எங்கயாவது ரோஸ் கலர்ல இருக்குமா?" என்பாள். அப்பா முறைப்பார். இது எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்ட் காட்சி.

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. கேலி செய்ய ஆள் இல்லாததாலோ என்னவோ, அப்பா அந்தக் கதையைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். எனக்கு அது என்னமோ மாதிரி இருந்தது. அந்தக் கோட்டைக் கிட்டத்தில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பைனாகுலர் சரிப்படாது. எட்டு மடங்கு பெரிசாகக் காட்டும். அதைக் கையில் பிடிக்க வேண்டும். அப்பா பிடித்தால் பறவை மட்டுமல்ல, அது உட்கார்ந்திருக்கிற மரமும் சேர்ந்து பறக்கும். அப்போதுதான் கனடா போகிற ஒரு நண்பர் வீட்டைக் காலி செய்தார். ஃப்ரிட்ஜ், கிரைண்டர் வரிசையில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் இருந்தது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி. முன்கண்ணாடி 65 மில்லிமீட்டர். 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை திருகித் திருகிப் பெரிசாக்கலாம். கண் வைக்கிற இடம் 45 டிகிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஏழாயிரம் கொடுத்தேன்.

"இதுக்கு ஸ்டாண்டு?"

"எந்த கேமரா ஸ்டாண்டும் சேரும் பிரதர்."

அவர் சொன்னது பொய்யில்லை. அடியில் இருப்பது உலகம் முழுக்கப் பொதுவான கால் இஞ்ச் திருகு. எந்த ட்ரைபாடிலும் சேரும். ஆனால் சேருவது வேறு, நிலைப்பது வேறு. கல்யாணமான எனக்காவது இது தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில், "ஒரு முக்காலி வாங்கணும்" என்றேன்.

"இருக்கிற ரெண்டு முக்காலியிலேயே கால் இடிச்சுக்கறீங்க. மூணாவது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

நான் பி.காம். கணக்குப் போட்டேன். ஸ்கோப் என்பது சொத்து. ட்ரைபாட் என்பது செலவு. சொத்தைக் கூட்டு, செலவைக் குறை. எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். நீட்டினால் என் உயரம், மடக்கினால் முழ நீளம். தூக்கினால் வெண்டைக்காய் கனம். கடைப்பையன், "மூணு கிலோ வரைக்கும் தாங்கும் சார்" என்றான். ஸ்கோப் ஒன்றரை கிலோ. கணக்கு டேலி ஆகிவிட்டது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பதில் குண்டூசி வாங்கிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

*

ஜனவரி. ராத்திரி முழுக்க பஸ். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. விடிகாலையில் வேதாரண்யத்தில் இறங்கியதும் வலியை மறந்துவிட்டு, "இந்த இடத்துல ஒரு மெஸ் இருந்தது, அந்த இடத்துல என் ரூம்" என்று காட்டிக்கொண்டே வந்தார். அந்த இடங்களிலெல்லாம் செல்போன் கடைகள் இருந்தன.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போனால் அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியதன் நினைவுத்தூண் இருக்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்பு, மேலே ஓலை. பிறகு காடு. கோடியக்கரை.

சரித்திர நாவல் படித்தவர்களுக்குக் கோடியக்கரை என்றால் படகு விடுகிற ஒரு பெண் ஞாபகம் வரும். நேரில் போனால் முதலில் வரவேற்பது வெளிமான். முறுக்கிய கொம்போடு நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவனிடம் ஒன்றும் பெயராது என்று திரும்பிக்கொள்ளும். சொந்தக்காரர் இல்லாத மட்டக்குதிரைகளும் திரிகின்றன. 1967-ல் சரணாலயமாக அறிவித்த இடம். 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் கொஞ்சம் நின்றுகொண்டிருந்ததை 2004 சுனாமி எடுத்துக்கொண்டது. 2018 கஜா புயல் காட்டு மரங்களைச் சாய்த்துப்போட்டது. இத்தனைக்கும் பிறகு குளிர்காலமானால் பறவைகள் வந்துவிடுகின்றன. அவை செய்தித்தாள் படிப்பதில்லை.

வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்கள் ஊழியர் ஒருவர் காட்டிய இடத்தில் நின்றோம். எதிரே சதுப்பு. அதற்கப்புறம் தண்ணீர். தண்ணீருக்கப்புறம்...

"டேய்" என்றார் அப்பா.

ரோஜா நிறக் கோடு. 1979-ல் விட்ட இடத்திலேயே இருந்தது.

ட்ரைபாடைப் பிரித்தேன். ஐந்து அடுக்குக் கால். கடைசி அடுக்கு பென்சில் கனம். நடுத்தண்டையும் ஏற்றி, ஸ்கோப்பைப் பூட்டினேன். அந்த ஊரில் காற்று சும்மா இருப்பதில்லை. வங்கக் கடலிலிருந்து நேராக வந்து, ஏதாவது நிற்கிறதா என்று பார்க்கிறது. என் ட்ரைபாட் மட்டும்தான் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டது.

அப்பா கண்ணை வைத்தார். தடுமாறாமலிருக்கக் கைப்பிடியில் கையை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியுதாப்பா?"

"பிரமாதமா தெரியுதுடா. கழுத்து, கால் எல்லாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நகருங்க" என்று நானும் கண்ணை வைத்தேன். ரோஜா நிறத்தில் ஏதோ ஒன்று சலவைக் கல்லில் அடிக்கிற துணி மாதிரி மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. கழுத்துமில்லை, காலுமில்லை. நாரையா நைலான் புடவையா என்று சொல்ல முடியாது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணூற்றைம்பது ரூபாய் மகன் மனம் நோகக்கூடாது என்று, எழுபது வயசு மனிதர் பொய் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் தூங்குவது போலவே வந்தோம்.

*

பிறகுதான் நான் ஒழுங்காக யோசித்தேன்.

ஸ்கோப் பறவையை மட்டும் பெரிசாக்குவதில்லை, ஆட்டத்தையும் பெரிசாக்குகிறது. 20 மடங்கில் பறவை 20 மடங்கு என்றால், ட்ரைபாடின் நடுக்கமும் 20 மடங்கு. 60-க்குத் திருகினால் 60 மடங்கு. கேமராவுக்கு நடுக்கம் அவ்வளவு கவலையில்லை. நூறில் ஒரு விநாடியில் 'க்ளிக்' என்று வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். கண் அப்படியில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால் போட்டோவுக்குப் போதுமான ஸ்டாண்டு ஸ்கோப்புக்குப் போதாது. சரக்கு நல்லதாக இருந்து வண்டி ஓட்டையாக இருந்தால் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருவது என்ன? எண்ணூற்றைம்பதைச் செலவு என்று எழுதியதில்தான் தப்பு. ட்ரைபாடும் சொத்துதான்.

'மூணு கிலோ தாங்கும்' என்றால் உடையாமல் தாங்கும் என்று அர்த்தம், ஆடாமல் தாங்கும் என்றல்ல. ஸ்கோப்பின் கனத்தைப்போல் இரண்டு பங்காவது எழுதியிருக்க வேண்டும் என்பது பழகியவர்கள் கணக்கு. எண்ணூற்றைம்பது ரூபாய்ச் சரக்கில் எழுதியிருப்பதை அந்தக் கணக்கில் கூடச் சேர்க்காதீர்கள். தேர்தல் அறிக்கை மாதிரி படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம்.

கடை கடையாக ஏறினேன். கார்பன் ஃபைபர் என்று ஒன்று காட்டினார்கள். கனமில்லை, அதிர்வையும் சீக்கிரம் அடக்குகிறது. விலை என் ஸ்கோப்பைப்போல் மூன்று பங்கு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். சிவில் இன்ஜினியரான மச்சான், "சர்வே ஸ்டாண்டு தர்றேன் மாப்பிள்ளை, மலையே அசைஞ்சாலும் அசையாது" என்று ஒரு மரக்காலைக் கொண்டுவந்து போட்டார். அசையாதுதான். ஏழு கிலோ. நானும் அசைக்க முடியவில்லை. அதன் திருகு வேறு எட்டில் ஐந்து இஞ்ச், ஸ்கோப்பில் சேராது. மாடியில் துணி காயப்போட உபயோகப்படுகிறது.

அலைந்ததில் படித்தவை சில. வாசக நண்பர்களுக்கு இலவசம்.

ஒன்று: காலில் அடுக்கு குறையக் குறைய உறுதி. மூன்று அடுக்கு போதும். ஐந்து அடுக்கு, பைக்குள் அடங்க மட்டும்தான் நல்லது.

இரண்டு: நடுத்தண்டை ஏற்றாதீர்கள். ஏற்றினால் முக்காலி மேல் ஓர் ஒற்றைக்கால் நிற்கிறது என்று அர்த்தம். தண்டை ஏற்றாமல் என்ன உயரமோ, அதுதான் ட்ரைபாடின் உயரம்.

மூன்று: கண் வைக்கிற இடம் வளைந்த ஸ்கோப்பாக இருந்தால் குள்ளமான ட்ரைபாடே போதும். குனிந்து பார்த்துக்கொள்ளலாம், நாற்காலி போட்டு உட்கார்ந்தும் பார்க்கலாம். நேரான ஸ்கோப்புக்குத்தான் கண் உயரம் வரை வேண்டும். உயரம் குறைந்தால் விலையும் குறையும், ஆட்டமும் குறையும்.

நான்கு: தலை. உருண்டைத் தலை போட்டோக்காரர்களுக்கு. கொஞ்சம் தளர்த்தினால் ஸ்கோப் சாமி வந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நமக்கு வேண்டியது ஒரே கைப்பிடியில் மேலே கீழே, இடம் வலம் என்று வழுக்கிக்கொண்டு போகிற வீடியோத் தலை.

ஐந்து: கடையிலேயே காலை முழுக்க நீட்டி, உங்கள் ஸ்கோப்பையே பூட்டி, தெருவில் தூரத்து போர்டு ஒன்றைப் பார்த்தபடி காலில் ஒரு சுண்டு சுண்டுங்கள். எழுத்து எத்தனை எண்ணுவதற்குள் அடங்குகிறது என்று பாருங்கள். ஒன்று, இரண்டுக்குள் அடங்கினால் வாங்கலாம். ஐந்தைத் தாண்டினால் கடைக்காரர் பேச்சைக் காதில் வாங்காமல் இறங்கிவிடலாம்.

அந்த ஐந்தாவது பரீட்சையில், என் பட்ஜெட்டுக்குள் இருந்த ஒரு ட்ரைபாடும் பாஸாகவில்லை.

*

ஒரு கல்யாணத்தில்தான் விடிந்தது. வரவேற்பு மேடையில் எல்லோரும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வீடியோக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது அவர் ட்ரைபாடின் காலை. ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாய். நடுவில் மூன்று காலையும் பிணைத்த தாங்கி. மேலே வழுக்குத் தலை. இருநூறு குழந்தைகள் இடித்துக்கொண்டு ஓடியும் அது அசையவில்லை.

பந்தியில் அவர் பக்கத்து இலையைப் பிடித்தேன்.

"அண்ணே, இந்த ஸ்டாண்டு..."

"இதுவா சார்? வீட்ல இன்னும் ரெண்டு சும்மா கிடக்கு. இப்பல்லாம் கையிலயே கிம்பல் வெச்சு ஓடி ஓடி எடுக்கறோம், அப்புறம் ட்ரோன். ஸ்டாண்டை யாரு கேக்கறா? வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன், அப்பாவையும் அழைத்துக்கொண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் காலில் காய்ந்திருந்தது. அலுமினியம், மூன்றரை கிலோ. பூட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, மேலேயிருந்து அழுத்திப் பார்த்தேன். எந்தக் காலும் உள்ளே இறங்கவில்லை. கைப்பிடியைத் திருப்பினேன். கெட்டித் தயிரில் கரண்டி போகிற மாதிரி போயிற்று. இந்தத் தலைக்குள் பிசின் மாதிரி ஒரு கிரீஸ் இருக்கிறது. மெதுவாக அசைத்தால் வழிவிடும், படபடவென்று நடுங்கினால் தடுக்கும். மேலே தட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கையை எடுத்தாலும் ஸ்கோப் தலை குனியாமல் நிற்கிற இடத்தில் வைத்துப் பூட்டினேன். சுண்டினேன். ஒன்று... அடங்கிவிட்டது.

ஆனால் என் பரீட்சை அதுவல்ல.

"அப்பா, நீங்க கைப்பிடியில கை வெச்சுப் பாருங்க."

வைத்தார். எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு காக்காய். அப்பாவின் கை ஆடியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காக்கா மூக்குல பருக்கை ஒட்டிண்டிருக்குடா" என்றார்.

நான் பார்த்தேன். இருந்தது. இந்த முறை பொய்யில்லை.

மூவாயிரத்து இருநூறு ரூபாய். "அப்பா பறவை பார்க்க" என்றதும், சுமக்க ஒரு பழைய பையையும் சேர்த்துக் கொடுத்தார் அந்த நல்ல மனிதர்.

*

அடுத்த பிப்ரவரி. அதே பஸ், அதே முழங்கால். இந்தத் தடவை ஒரு மடக்கு நாற்காலியும் உண்டு.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். அது முக்கியம். ஒன்பது, பத்துக்கு மேல் உப்பு மண் சூடாகி, காற்று கானலாக நெளிய ஆரம்பித்துவிடும். அந்த ஆட்டத்தை எந்த ட்ரைபாடும் நிறுத்தாது. முதல் அடுக்கை மட்டும் நீட்டி, கால்களை அகல விரித்து, சேற்றில் அழுத்தி நட்டேன். நடுத்தண்டின் அடியில் தண்ணீர் பாட்டில் பையைக் கட்டினேன். சும்மா தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடி ட்ரைபாடையும் ஆட்டும். அதனால் பையின் அடி மண்ணைத் தொடும்படி விட்டேன். காற்று வருகிற பக்கம் நான் நின்றுகொண்டேன். தொப்பைக்கும் ஓர் உபயோகம்.

25 மடங்கில் வைத்தேன். 60 வரை இருக்கிறதே என்று திருகினால் படம் இருட்டிக்கொண்டு மங்கும். கார் மீட்டரில் 180 வரை எழுதியிருக்கிற மாதிரிதான் அதுவும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தார்.

பேச்சே இல்லை.

"அப்பா?"

"தலையைக் குப்புறக் கவுத்துண்டு சாப்பிடறதுடா!"

உண்மைதான். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துத்தான் சாப்பிடும். தண்ணீரை உள்ளே இழுத்து, சின்னஞ்சிறு உயிர்களையும் பாசியையும் வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். அந்தச் சாப்பாட்டில் இருக்கிற நிறமிதான் இறகில் ஏறி ரோஜா நிறமாகிறது. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான்.

"அப்போ சாப்பாட்டுனாலதான் ரோஸ் கலரா?"

"ஆமாம்ப்பா."

"உங்கம்மா கேட்டாளே... பறவை எங்கயாவது ரோஸ் கலர்ல இருக்குமான்னு."

கண்ணை எடுக்காமலேதான் சொன்னார். நான் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்டா, முழங்கால் பின்பக்கமா மடங்கறது. எனக்காவது வலிதான்" என்றார்.

"அது முழங்கால் இல்லப்பா, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள்ள இருக்கு."

"கெட்டிக்காரப் பறவை. வெளியில காட்டவேயில்லை பாரு."

உப்பளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, "என்னா சாமி பாக்குறீங்க?" என்று நின்றார். அப்பா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காராமல் குனிந்து பார்த்தார். "தெனம் பாக்குறதுதான். இம்மாங் கிட்டத்துல பாத்ததில்ல" என்று சிரித்துவிட்டு, மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அப்பா உடனே அவரிடம் 1979 ஜீப் கதையை ஆரம்பித்துவிட்டார். பாதி தூரம் கூடவே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு வருஷத்துக்கப்புறம் அந்தக் கதையை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

கணக்கை முடித்துவிடுகிறேன். முதல் ட்ரைபாட் 850. இரண்டாவது 3,200. ஆக மொத்தம் 4,050. முதலிலேயே ஒழுங்காக வாங்கியிருந்தால் 850 மிச்சம், ஒரு பஸ் பயணம் மிச்சம், அப்பாவுக்கு ஒரு பொய் மிச்சம். பி.காமில் இதைச் சொல்லித்தரவில்லை.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ரோஜாக் கோட்டுக் கதையைச் சொல்கிறார். கோடு போய், தலைகீழ்ச் சாப்பாடும் கணுக்காலும் சேர்ந்து, கதை முக்கால் மணி நேரத்துக்கு வளர்ந்துவிட்டது. "போதும், காபி ஆறிடும்" என்று தடுப்பது இப்போது என் மனைவி.

டம்ளர் முக்கால்தான். கை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடட்டும்.